நாலு விரல் உயர்த்திய சிவப்புக் கார்

என் கணவருக்கு அந்தக் காரைப் பிடிக்கும். என்னைப் பிடிக்கும் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. காரைப் பிடிக்கும் என்று மட்டும் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்வார். பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலைக்குப் போன இரண்டாம் வருடம், யாரோ பணக்கார வீட்டுப் பிள்ளை ஓட்டிச் சலித்துப்போட்டதை வாங்கிக்கொண்டு சித்தூர் வந்தார். இரண்டே கதவு, இரண்டே சீட்டு, பின்னால் ஒரு இறக்கை. தரையோடு தரையாகப் படுத்திருக்கும். அதில் ஏறுவதென்றால் உட்காருவது இல்லை, விழுவது.

கல்யாணமான மறுவாரம் திருமலை அடிவாரத்தில், அலிபிரியில் அதற்குப் பூஜை போட்டோம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. கற்பூரத்தைத் தேங்காய்மேல் ஏற்றிக் காட்டலாம் என்றார் பூசாரி. இவர் கேட்கவில்லை. போனெட்டின்மேலேயே வெற்றிலை வைத்து ஏற்றச் சொன்னார். காற்று அடித்தது, வெற்றிலை வழுக்கியது, ஒரு ரூபாய் காசு அளவுக்குச் சிவப்புப் பெயிண்ட் கருகியது. நான் சிரித்ததால்தான் அப்படி ஆயிற்று என்று அங்கேயே, அத்தனை பேர் முன்னால் சொன்னார். சிரித்தது உண்மைதான். காற்றை நான் கூப்பிடவில்லை.

ஒரு வருட புராஜெக்ட் என்று அமெரிக்கா போனார். விசா, வீடு, செலவு என்று ஏதோ சொல்லி, அடுத்த வருஷம் உன்னைக் கூட்டிக்கொள்கிறேன் என்றார். காருக்கு ஷெட் போட்டு, உறை மாட்டி, வாரம் ஒருமுறை பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணு, ஓட்டாதே என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் காருக்கும் கிட்டத்தட்ட ஒரே உத்தரவு. அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை. நான் திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன் வேலை தேடிக்கொண்டேன்.

வேலை ஒப்பந்த வேலை. காலை எட்டுக்குள் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நிமிஷம் தாண்டினாலும் பெயருக்கு நேரே சிவப்பு மை. சிவப்பு அதிகமானால் வருடக் கடைசியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். சித்தூரிலிருந்து பஸ்ஸை நம்பிப் போனால் சிவப்பு விழாமல் எப்படி இருக்கும்? மலைக்குப் போகிற கூட்டம் குடும்பம் குடும்பமாக ஏறும், இறங்கும், மூட்டையைத் தேடும், பிள்ளையைத் தேடும். கண்டக்டர் எல்லோரையும் எண்ணி முடிப்பதற்குள் எனக்கு வயிறு எரியும். பக்தி பண்ணுகிறவர்களை நான் அத்தனை சபித்திருக்கிறேன். ஒரே மாதத்தில் நாலு சிவப்பு விழுந்தது. சூப்பர்வைசர் கூப்பிட்டு, வருடக் கடைசியில் வருத்தப்படாதே என்றாள். அன்று சாயங்காலமே உறையைக் கழற்றினேன். கல்யாணத்துக்கு முன்பே எடுத்த லைசென்ஸ் என்னிடம் இருந்தது.

முதல் நாளே கார் தன் புத்தியைக் காட்டியது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அடிவயிறு தேய்ந்து கிறீச்சிட்டது. சைலன்சர் போட்ட சத்தத்துக்குச் சந்திரகிரியில் மாடு மிரண்டது. ஆஸ்பத்திரி வாசலில் புடவையோடு அதிலிருந்து எழுந்து வெளியே வருவதற்குள், கைக்கு முழங்கால் எது, கதவு எது என்று தெரியவில்லை. வாட்ச்மேனும் ஆட்டோக்காரர்களும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்கள் முகத்தை இப்போது நினைத்தாலும் அறையலாம் போலிருக்கிறது.

வேலூர் ரோட்டு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் காரைச் சுற்றி வந்து, தலையைச் சொறிந்தார்.

"சார் வந்து கேட்டா இன்னாம்மா சொல்றது?"

"அத நான் பாத்துக்கறேன். நீ வேலயப் பாருணா."

ஸ்பிரிங்கை மாற்றி, டயரை மாற்றி, தரையிலிருந்து நாலு விரல் உயர்த்தினார். முன்னால் தாடை மாதிரி தொங்கிய பிளாஸ்டிக்கைக் கழற்றினார். சாதாரண சைலன்சர் வைத்தார். குழி விழுந்த சீட்டை எடுத்துவிட்டு, பழைய ஜீப் சீட்டு ஒன்றைப் பலகை கொடுத்து நிமிர்த்தி மாட்டினார். இப்போது நான் புடவையோடு ஏறலாம், மனுஷி மாதிரி இறங்கலாம். கழற்றியதையெல்லாம் சாக்கில் கட்டி, வீட்டில் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பின்பக்கத்து இறக்கை மட்டும் சாக்கில் அடங்கவில்லை. கொல்லைச் சுவரில் அடித்துத் துணி காயப்போட்டேன். அதற்குத்தான் அது லாயக்கு.

இரண்டு வருடம் ஓட்டினேன். ஒரு சிவப்பு விழவில்லை. அந்த ரோட்டில் வேகத்தடை போடுவது அரசாங்கம் மட்டும் இல்லை. ஊருக்குள் ஒரு ஆடோ கன்றுக்குட்டியோ அடிபட்டால் மறுநாளே ஊர்க்காரர்கள் மண்ணும் சிமெண்டும் குழைத்துக் குறுக்கே ஒரு மேடு கட்டிவிடுவார்கள். பலகை கிடையாது, வெள்ளைக் கோடு கிடையாது. தினமும் போகிறவர்களுக்குத்தான் தெரியும். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. காலையில் புத்தலப்பட்டு தாண்டி, ஜன்னலை இறக்கி, யாரும் இல்லாத ரோட்டில் சத்தம் போட்டுப் பாடுவேன். என் வாழ்க்கையில் எனக்கென்று இருந்த நேரம் அதுதான்.

அவர் ஒரு மாத லீவில் வந்தார். பெட்டியை வைத்ததும் நேரே கொல்லைக்குப் போனவர், இறக்கையில் என் உள்பாவாடை தொங்குவதைப் பார்த்தார். பிறகு ஷெட்டைத் திறந்தார்.

"யாரக் கேட்டு இத்துல கைய வச்ச?"

"எட்டு மணிக்குள்ள போயி கையெழுத்து போடணும். நான் யாரக் கேட்டு போடறது?"

பஸ் எதற்கு இருக்கிறது என்றார். தகர டப்பா ஆக்கிவிட்டாய் என்றார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன் என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். ஓணான் நான்தான். மெக்கானிக்கை வரவழைத்து, சாக்கைப் பிரித்து, எல்லாவற்றையும் பழையபடி மாட்ட வைத்தார். மெக்கானிக் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. திரும்பிப் போகும்போது காரைப் பெங்களூரில் சிநேகிதன் வீட்டில் விட்டுவிடப் போவதாகவும் சொன்னார். அந்த வருட ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருந்தது.

மறுநாள் காலை, இந்தக் காரை எப்படி ஓட்டுவது என்று காட்டுகிறேன் வா, ஆஸ்பத்திரியில் இறக்கிவிடுகிறேன் என்றார். நாலு சக்கரத்துக்கும் புதிதாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கிளம்பினார். நான் பழக்கத்தில், முன்னால் மேடு இருக்கிறது என்றேன். அடுத்ததற்கும் சொன்னேன். மூன்றாவதற்கும் சொன்னேன். கோபம் வந்தால் அவருக்குத் தெலுங்குதான் வரும்.

"நோரு மூசுகோ. எனக்கு ரோடு தெரியும்."

வாயை மூடிக்கொண்டேன். பாக்காலா போகும் வழியில் ஒரு சின்ன ஊர். அங்கே பத்து நாள் முன்னால் ஒரு கன்றுக்குட்டி அடிபட்டிருந்தது. புது மேடு, மண் நிறம், வேப்பமர நிழலில். எனக்குத் தெரியும். அதற்கு எதிரிலேயே பஸ் ஸ்டாப் இருப்பதும் தெரியும். அவர் வேகம் எடுத்தார். நான் மடியில் இருந்த டிபன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், வேறு ஒன்றும் செய்யவில்லை.

சத்தம் வயிற்றுக்குள் கேட்டது. முன்தாடை பிய்ந்து ஓரமாகப் போய் விழுந்தது. எண்ணெய் ரோட்டில் கறுப்பாக ஓடியது. அவர் இறங்கிக் குனிந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தெரியும் இல்ல ஒனக்கு? சொல்லக்கூடாது?"

திருப்பதி பஸ் வந்தது, கை காட்டினேன், ஏறிக்கொண்டேன். சிவப்பு விழாது, நேரம் இருந்தது. சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தால் அவர் கண்ணில் படவில்லை, போனெட்டில் இருந்த கற்பூர வடுதான் பட்டது. நாலு விரல் உயரத்தில் அந்த மேட்டைப் போன வாரம் முழுக்க என்னோடு தாண்டிய வண்டி. அவருக்கு வலிக்க வேண்டும் என்று நான் கொன்றது என்னுடையதை.

அழுதேன். பக்கத்தில் மலைக்குப் போகும் ஒரு அம்மாள், வீட்டுக்காரரோடு சண்டையா என்று கேட்டாள்.

"இல்லம்மா," என்றேன். "வண்டி போச்சு."