பூ விழுந்த கண்ணும் கூரம் ரோடும்

அறுபதுகளின் நடுவில் நான் மலேரியா டிபார்ட்மெண்டில் வேலை பார்த்தேன். வேலை என்றால் முக்கால்வாசி சைக்கிள் மிதிப்பதுதான். காலையில் காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பி, சுற்றியுள்ள ஊர்களில் வீடு வீடாகப் போய், யாருக்காவது காய்ச்சல் வந்ததா என்று கேட்க வேண்டும். வந்திருந்தால் விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து எடுத்து வர வேண்டும். காக்கிச் சட்டை, காக்கிப் பை. ஊர்க்காரர்கள் என்னைக் 'காய்ச்சல்கார சார்' என்பார்கள்.

எனக்குக் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. கண்ணாடி போட்டவர்களைப் பார்த்தால் ஏதோ படித்து உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்கள் என்று நினைக்கிற வயது.

தை மாத அறுவடை. கூரத்துக்குப் போகிற ரோட்டோரம் ஒரு களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார்கள். காற்று என் முகத்துக்கு எதிரே அடித்தது. தலையைக் குனிந்து மிதித்துக்கொண்டு போனேன். இடது கண்ணில் சுருக்கென்று என்னவோ பட்டது. சைக்கிளை அப்படியே புல்லில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

முறத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு பெரியம்மா ஓடி வந்தார். "கசக்காதே தம்பி, கசக்காதே" என்று கையைப் பிடித்து விலக்கினார். முந்தானையைச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடாக்கி, கண்ணில் ஒற்றி ஒற்றி எடுத்தார். எரிச்சல் அடங்கவில்லை. மர நிழலில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த தன் மருமகளைக் கூப்பிட்டார். அந்தப் பெண் கூச்சத்தோடு, குழந்தைக்குப் புகட்டுகிற சங்கில் கொஞ்சம் தாய்ப்பால் கொண்டுவந்து கொடுத்தாள். பெரியம்மா அதைக் கண்ணில் விட்டார். குளிர்ச்சியாக இருந்தது. கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் கண் சிவந்தது. அதற்கடுத்த நாள் வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. கம்பவுண்டர் கொடுத்த சொட்டு மருந்து கேட்கவில்லை. கறுப்பு விழியில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி தெரிகிறது என்று என் மனைவிதான் முதலில் பார்த்துச் சொன்னாள். காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியதும், உடனே மெட்ராசுக்குப் போ என்றார்கள்.

மெட்ராஸ் கண் ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் கிடந்தேன். வலி அடங்கியபோது பார்வையும் போயிருந்தது. டாக்டர் ஒளித்துப் பேசவில்லை. "நெல்லு உமியில ஒரு பூஞ்சை இருக்குப்பா. அது கருவிழியைக் கீறிக்கினு உள்ள போயிடுச்சுன்னா எங்க கையிலயும் பெரிசா மருந்து இல்ல. நீ அன்னிக்கே வந்திருந்தாலும் இப்படித்தான் ஆயிருக்கும்." கிளம்பும்போது தோளில் கை வைத்துச் சொன்னார்: "மிச்சம் ஒரு கண்ணுதான். வெறுங்கண்ணோட சைக்கிள் ஏறாதே. பவர் இல்லாத கண்ணாடியாவது போட்டுக்கோ."

கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று தெருவில் சொன்னார்கள். அது உண்மைதான். கண்ணாடியில் பார்த்தால் நுங்குத் துண்டு ஒன்றை ஒட்டவைத்தது போல இருந்தது.

ஒரு கண் போனால் பாதிப் பார்வை போகும் என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்த அன்று செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினேன். டம்ளருக்கு வெளியே போனது. எது கிட்டே, எது எட்டே என்பதே தெரியவில்லை. ரோட்டில் நிழலும் பள்ளமும் ஒன்றாகத் தெரிந்தன. இடது பக்கம் ஒரு சுவர் எழுப்பியது போல இருந்தது. ரோட்டோரத்தில் குழந்தைகள், மாடு, நாய் எல்லாம் வருவது அந்தப் பக்கம்தான்.

ஆனாலும் வேலைக்குத் திரும்பிய முதல் வாரம் பிடிவாதமாக சைக்கிளை எடுத்தேன். திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு சந்திலிருந்து சின்னப் பெண் ஒருத்தி ஓடி வந்தாள். நான் பார்க்கவே இல்லை. சத்தம் கேட்ட பிறகுதான் பிரேக்கைப் பிடித்தேன். அவள் முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்தது, அவ்வளவுதான். அவள் அம்மா கத்திக்கொண்டு வந்தவள், என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "பாவம், கண்ணு தெரியலே" என்று பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகச் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

மேலதிகாரி நல்ல மனிதர். "ஆபீஸ்லயே இரு. ஸ்லைடு கழுவுற வேலை இருக்குது" என்றார். பல மாதம் அதைச் செய்தேன். மற்றவர்கள் ஊர்களிலிருந்து கொண்டுவரும் கண்ணாடிச் சில்லுகளைக் கழுவித் துடைத்து அடுக்கும்போது, ஒவ்வொன்றிலும் நான் பார்க்காத ஒரு முகம் இருந்தது போல மனசு கனக்கும்.

என் மனைவி நெசவுக்காரர் வீட்டுப் பெண். அதிகம் பேசமாட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சைக்கிளைத் துடைத்து வாசலில் நிறுத்தினாள்.

"என்னைப் பின்னாடி உக்கார வெச்சு ஓரிக்கை வரைக்கும் மிதிங்க."

"உன்னையும் சேத்துத் தள்ளணுமா?"

"நான் இடது பக்கம் பாத்துதானே உக்காரப் போறேன். அந்தப் பக்கம் என்ன வருதுன்னு நான் சொல்றேன்."

புடவை கட்டிய பெண்கள் கேரியரில் அப்படித்தானே உட்காருவார்கள், கால்களை இடது பக்கம் போட்டுக்கொண்டு. எனக்கு அது தோன்றவே இல்லை. பாலாற்றுக்குப் போகிற அந்த ரோட்டில் ஒவ்வொரு ஞாயிறும் போனோம். "மாடு." "ரெண்டு பசங்க." "ஒண்ணுமில்லே, போங்க." குரல் பதறாமல் சொல்வாள். கொஞ்சம் கொஞ்சமாக, அவள் சொல்வதற்கு முன்பே தலையை இடது பக்கம் திருப்பிப் பார்க்கப் பழகினேன். கழுத்து வலித்தது. தந்திக் கம்பங்களை வைத்து தூரத்தை அளக்கவும் கற்றேன். ஒரு நாள் வெகுநேரமாகக் குரலே வராததால், "என்ன, தூங்கிட்டியா?" என்று கேட்டேன். "நீங்கதான் எல்லாத்தையும் பாத்துக்கினு போறீங்களே" என்றாள்.

கண்ணாடிதான் சரியாக அமையவில்லை. முதலில் மோட்டார் சைக்கிள்காரர்கள் மாட்டுகிற காக்கிள்ஸ் ஒன்றைப் பழசாக வாங்கினேன். தூசு வராது. ஆனால் கொஞ்ச தூரம் மிதித்ததும் வியர்வை ஆவி உள்ளே படிந்து, இருந்த கண்ணும் மறைந்தது. பிறகு காந்தி ரோட்டில் ஒரு கண்ணாடிக் கடைக்கு இரண்டு பேரும் போனோம். கடைக்கார பாய் பொறுமையாக ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்.

"கறுப்புக் கண்ணாடி போட்டா பூ தெரியாது. ஆனா பொழுது சாஞ்சா ரோடும் தெரியாது. வெள்ளைக் கண்ணாடின்னா ரோடு நல்லா தெரியும், பூவும் தெரியும். மழையில ரெண்டுமே கஷ்டம்தான், அதுக்குத் தொப்பிதான் போடணும். எது வேணும், சொல்லுங்க."

கறுப்புக் கண்ணாடியைக் கையில் எடுத்தேன். திருப்பருத்திக்குன்றத்து அம்மா பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கணுமா, பாய்?" என்றாள் என் மனைவி. "வலது பக்கம் வெள்ளை, இடது பக்கம் கறுப்பு போடக் கூடாதா?"

அவர் இரண்டு கண்ணாடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "யாரும் கேட்டதில்லேம்மா. போடலாம். கண்ணாடியைத் தடியாவே போடுறேன், சட்டுனு ஒடையாது." காதைச் சுற்றி வளைந்து பிடிக்கிற கம்பிக் காது வைத்து, பள்ளத்தில் இறங்கினாலும் நழுவாதபடி செய்து கொடுத்தார்.

தெருவில் சிரித்தார்கள். கொஞ்ச நாளில் நிறுத்திவிட்டார்கள்.

அதற்குள், கர்ப்பமாக இருந்த மனைவிக்கு மாதம் ஏறிவிட்டது. கேரியரில் உட்கார முடியாது. நான் மேலதிகாரியிடம் போய், மறுபடியும் ஊருக்குப் போகிறேன் என்றேன். என் கண்ணாடியை வெகுநேரம் பார்த்தார். "முதல்ல ஒரே ஒரு ஊர் பாரு. எந்த ஊர்?"

"கூரம், சார்."

மறு தை மாதம் வந்திருந்தது. அந்தக் களத்தை நெருங்கினேன். தூற்றுகிற சத்தம் தூரத்திலேயே கேட்டது. இறங்கிவிடலாமா என்று நினைத்தேன். இறங்கவில்லை. பதர் வந்து கண்ணாடியில் மணல் போலத் தட்டியது. கண் இமைக்காமல் தாண்டிப் போனேன்.

ஊருக்குள் நுழைந்ததும் ஒரு பெண் வேகமாக வந்து வழியில் நின்றாள். இடுப்பில் நடக்கப் பழகுகிற வயதில் ஒரு குழந்தை. யாரென்று உடனே தெரியவில்லை; அவள்தான் அன்று சங்கில் பால் கொண்டுவந்தவள்.

"அண்ணா, உங்க கண்ணு போயிடுச்சுன்னு சொன்னாங்களே" என்றாள். குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். பிறகு மெதுவாக, "என் பால்தான் கெடுத்துடுச்சுன்னு இங்க பேசிக்கிறாங்க. மாமியார் கூட அப்படித்தான் சொல்றாங்க. அதுக்கப்புறம் என் கையால யாரும் எதுவும் வாங்கிச் சாப்பிடுறதில்லே" என்றாள்.

ஒரு வருஷமாக நான் என் கண்ணைப் பற்றி மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் இன்னொருத்தி அதைச் சுமந்துகொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

சைக்கிளை நிறுத்தினேன். "வீட்டுக்குக் கூட்டிக்கினு போம்மா" என்றேன். மாமியார் இருந்தார், பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து நின்றார்கள். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். உமி கீறியதுதான் காரணம், பால் இல்லை. நான் அன்றைக்கே போயிருந்தாலும் காப்பாற்ற முடிந்திருக்காது என்று மெட்ராஸ் டாக்டரே சொன்னார் என்றேன். இனி கண்ணில் எது விழுந்தாலும் சுத்தமான தண்ணீரால் அலசிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். வேறு எதையும் விட வேண்டாம் என்றும் சொன்னேன். மாமியார் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "தம்பிக்கு மோர் கொண்டாம்மா" என்று மருமகளிடம் சொன்னார். அவள் கொண்டுவந்த மோரை எல்லோரும் பார்க்கக் குடித்தேன்.

குழந்தைக்கு உடம்பு சூடாக இருந்தது. முந்தின நாளிலிருந்து காய்ச்சல் என்றாள். பையைத் திறந்து ஊசியை எடுத்தேன். குழந்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கறுப்புக் கண்ணாடியைத் தொட்டுத் தடவி, விரலை வைத்துத் தட்டிப் பார்த்தது. நான் தலையைக் குனிந்து கொடுத்தேன். அது அதில் லயித்திருந்தபோது, அதன் இன்னொரு கையைப் பிடித்து, எது கிட்டே, எது எட்டே என்று ஒரு கண்ணால் நிதானித்து, ஊசியைச் சரியான இடத்தில் வைத்தேன்.