சனிக்கிழமை எடுத்த பல்

தம்பிக்குப் பல் வலிக்கிறது என்பதை எங்களுக்குச் சொன்னது முறுக்கு டப்பாதான். அதன் மூடி திறக்கும் சத்தம் கேட்டால் எந்த அறையில் இருந்தாலும் வந்து நிற்பவன், அன்று வந்தான், பார்த்தான், ஒன்றும் எடுக்காமல் திரும்பிப் போய்விட்டான். சாயங்காலம் வலது கன்னத்தில் தானே பளாரென்று ஓர் அறை விட்டுக்கொண்டான். அப்போது அவனுக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைந்தவன். பேசுவது கொஞ்ச வார்த்தைகள்தான். இதயத்திலும் பிறவிக் கோளாறு. அவனை வளர்த்த அப்பா இறந்த பிறகு அக்கா என் வீட்டில்தான் இருக்கிறான்.

திருநெல்வேலிக்குப் போய்ப் படம் எடுத்துப் பார்த்தோம். கடைவாய்ப் பல் சொத்தை விழுந்து வேரில் சீழ் வைத்திருந்தது. விட்டுவைத்தால் அந்தக் கிருமி ரத்தத்தில் கலந்து இதயத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்றார்கள். சரி, மயக்கம் கொடுத்து எடுத்துவிடுங்கள் என்றால், முழு மயக்கத்தை அந்த இதயம் தாங்காதாம். ஆகவே விழித்திருக்கும்போதே எடுக்க வேண்டும். அதற்கு அவன் வாயைத் திறக்க வேண்டும். அவனோ முன்னால் இருந்து ஒரு கை முகத்துக்கு வந்தாலே உதட்டைப் பூட்டிக்கொள்கிறவன். இன்னோரிடத்தில் கையையும் காலையும் நாலு பேர் பிடித்துக்கொண்டால் வேலை முடிந்துவிடும் என்று யோசனை சொன்னார்கள். எனக்கு வந்த கோபத்தில், "மாட்டுக்கா லாடம் அடிக்கப் போறீய?" என்று கேட்டுவிட்டு, "எந்திரிலே, போவோம்" என்று அவனைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வீறாப்பாக வந்தாயிற்று. பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை, இவனை நானே கொன்றுவிடுவேனோ என்ற பயம்தான்.

கடைசியில் தென்காசி ரத வீதியில் இருந்த ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் வாயைத் திறக்கச் சொல்லவே இல்லை. தம்பியை நாற்காலியில் உட்காரவைத்து, அதை ஏற்றி இறக்கிக் காட்டினார். அவனுக்கு ஒரே குஷி. அப்புறம் அவனைக் காட்டி என்னிடம் கேட்டார்.

"வீட்டுல யாரு தொட்டா அண்ணாச்சி சும்மா இருப்பாரு?"

எனக்குச் சட்டென்று அப்பாவின் கைதான் நினைவுக்கு வந்தது. சீசன் வந்துவிட்டால் சனிக்கிழமைதோறும் அப்பா எங்கள் இரண்டு பேரையும் குற்றாலத்துக்குக் கூட்டிப்போவார். பையில் துண்டு, மாற்றுத்துணி, ஒரு பாட்டில் நல்லெண்ணெய். அருவிக்கு இந்தப் பக்கம் படியில் தம்பியை உட்காரவைத்து, பின்னால் உட்கார்ந்து உச்சியில் எண்ணெயை வைத்துத் தேய்ப்பார். தேய்க்கத் தேய்க்க அவன் கழுத்து தளர்ந்து, தலை அப்பாவின் மடியில் சாய்ந்து, வாய் தானாகத் திறந்துகொள்ளும். "வாய மூடுலே, ஈ போயிரும்" என்பார் அப்பா. மூட மாட்டான். பிறகு அவர்கள் ஆண்கள் பக்கம் போய்விடுவார்கள், நான் பெண்கள் பக்கம். தண்ணீருக்குள் நின்று அவன் போடும் கூச்சல் அத்தனை இரைச்சலையும் தாண்டி எனக்குக் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே நான் குளிப்பேன். அதைப்போல ஒரு சந்தோஷம் எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை.

இதை டாக்டரம்மாவிடம் சொன்னதும், "அப்ப வியாழக்கிழமை எண்ணெய் கொண்டாங்க" என்றார்.

போனோம். நான் நாற்காலிக்குப் பின்னால் நின்று எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றியதும் தம்பி என் கையைத் தட்டிவிட்டான். "வியாழன்" என்றான். பெரிய நீதிபதி! எங்கள் வீட்டு ஆண்களுக்குப் புதனும் சனியும்தான் எண்ணெய், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும். அப்பா ஒருநாளும் அதை மாற்றியதில்லை. எனக்கு மறந்துபோனது அவனுக்கு மறக்கவில்லை. டாக்டரம்மா சிரித்துவிட்டார். "சரி அண்ணாச்சி, சனிக்கிழமையே வச்சிக்கிடுவோம்" என்றார்.

சனிக்கிழமை காலையில், கிருமி பரவாமலிருக்க இதய டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை அவனுக்கு முன்கூட்டியே கொடுத்துவிட்டுப் போனோம். எண்ணெயை உச்சியில் வைத்தேன். இம்முறை தட்டிவிடவில்லை. அப்பா தேய்த்த மாதிரியே பெருவிரலால் நெற்றிப்பொட்டிலிருந்து பின்னால் இழுத்துத் தேய்த்தேன். அவன் கண் சொக்கியது, தலை என் வயிற்றில் சாய்ந்தது, வாய் திறந்தது. டாக்டரம்மா முன்னால் வராமல் என் தோளுக்குப் பக்கத்திலிருந்தே கையை நீட்டி மரத்துப்போக ஊசி போட்டார். அவன் முகம் சுளித்தான். "ஈ போயிரும்லே" என்றேன். அவ்வளவுதான், சிரித்துக்கொண்டு இன்னும் அகலமாகத் திறந்தான். பல் வந்துவிட்டது. பஞ்சைக் கடித்துக்கொள்ள வைத்தார். நான் அழுதுகொண்டே தேய்த்துக்கொண்டிருந்தேன். பல் வெளியே வந்த பிறகும் நிறுத்தத் தோன்றவில்லை.

"இன்னிக்கி துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, அருவியில தலையக் குடுக்கவே கூடாது" என்றார் டாக்டரம்மா.

அப்போதுதான் எனக்குத் திக்கென்றது. சனிக்கிழமை, தலையில் எண்ணெய், வெளியே சாரல். தம்பிக்கு இதற்கு அடுத்தது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. நான் செருப்பை மாட்டுவதற்குள் அவன் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தான். வாயில் பஞ்சு, கையை மேலிருந்து கீழே கொண்டுவந்து அருவியைக் காட்டினான். வீட்டுக்குத் திருப்பினால் ஆட்டோவையே கவிழ்த்துவிடுவான். போனோம்.

படியில் அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "பல்லு எடுத்தா குளிக்கக் கூடாதுலே. இங்கன நின்னு சாரல் மட்டும் வாங்கிக்கிடுவோம். வாயத் தொறக்கப்பிடாது, என்ன?" முறைத்தான். அருவியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு பஞ்சைக் கடித்தபடி முகத்தை மட்டும் நீட்டி நின்றான். எங்கள் முகத்தில் நீர்த்தூள் வந்து விழுந்துகொண்டே இருந்தது. எத்தனை வருஷம் வந்திருக்கிறோம், நானும் அவனும் ஒரே இடத்தில் நின்று நனைந்தது அன்றைக்குத்தான்.

போன சீசனில் எனக்கும் கடைவாய்ப் பல் சொத்தை விழுந்து எடுக்க வேண்டியதாயிற்று. ஊருக்கெல்லாம் தைரியம் சொல்லும் எனக்கு அந்த நாற்காலியில் உட்காரப் பயம். தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் காலையில் தம்பி எண்ணெய் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். நரைத்த தலை, நடந்தால் மூச்சு வாங்குகிறது. "எக்கா, வெள்ளி" என்றான். காலண்டரைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைதான்.

டாக்டரம்மா அவனுக்கு நாற்காலியின் பின்னால் இடம் விட்டார். எண்ணெய் என் காதிலும் சேலையிலும் வழிந்தது. நான் வாயைத் திறந்தேன்.

பல்லை எடுத்துவிட்டு வெளியே வந்ததும் தம்பி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து அருவியைக் காட்டினான். எண்ணெய் வைத்தாயிற்றே, போகாமல் முடியுமா? அங்கே போனதும் எனக்கு என்னவோ அந்தத் தண்ணீரில் போய் விழ வேண்டும்போல இருந்தது. பெண்கள் பக்கம் ஓர் அடி வைத்தேன். பின்னாலிருந்து சேலையைப் பிடித்து இழுத்தான்.

"பல்லு" என்றான். "இங்கன."

அதே படியில் என்னை நிறுத்தி, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பிடி விட்டால் ஓடிவிடுவேன் என்று நினைத்திருப்பான். பஞ்சு என் வாயில்தான் இருந்தது. ஆனால் அவனும் உதட்டை இறுக்க மூடிக்கொண்டு, முகத்தை மட்டும் சாரலுக்கு நீட்டி, என் பக்கத்தில் நின்றான்.