பிரிய வேண்டிய தையல்

அண்ணிக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆயிரம் கார்களுக்கு மேல் இருக்கை உறை தைத்தவள், ஒன்றையாவது ஓட்டிப் பார்க்கலாமே என்று யாராவது கேட்டால், "நான் உட்கார்ற ஆளுக்கு வேலை செய்யறேன், ஓட்டுற ஆளுக்கு இல்ல" என்பாள். ஓட்டுகிறவரும் உட்கார்ந்துதானே ஓட்டுகிறார் என்று மடக்கியவர்கள் உண்டு. அதற்கு அவள் சிரித்துக்கொண்டே மெஷினை மிதிப்பாள்.

ஐந்து வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து நான் அண்ணன் வீட்டு மாடியில் தங்கியிருந்தேன். அறைக்குள் உட்கார முடியாமல் காலையிலேயே கீழே கடைக்கு இறங்கிவிடுவேன். இரண்டு வண்டி நிற்கிற கூடம். தடுப்புக்குப் பின்னால் அண்ணியின் தையலறை. முன்னால் அண்ணன் பேசுவான், பின்னால் அண்ணி தைப்பாள். அண்ணன் அரை மணி நேரம் பேசி, வந்தவரை அசல் லெதர் வரைக்கும் ஏற்றிவிட்டிருப்பான். அண்ணி கத்தரிக்கோலோடு வெளியே வந்து ஒரு கேள்வி கேட்பாள்: "வண்டியில யார் யார் போவீங்க?" அதோடு அண்ணனின் அரை மணி நேரமும் வீண்.

வாடகை வண்டி வைத்திருக்கிற ஒருவர் லெதர்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். வண்டியை வெயிலில் நிறுத்துவீர்களா, மழையில் நனைந்தபடி ஆட்கள் ஏறுவார்களா, குழந்தைகள் வாந்தி எடுக்குமா என்று அண்ணி கேட்டுக்கொண்டே போனாள். எல்லாவற்றுக்கும் ஆமாம்தான். "அப்ப உங்களுக்கு ரெக்சின்தாங்க. துடைச்சா போச்சு. தோல் போட்டா அதைப் பாத்துக்கவே ஒரு ஆள் வைக்கணும்." அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

அதற்காக அவள் ரெக்சின் கட்சி என்று நினைத்துவிடக் கூடாது. அசல் தோல் வந்த அன்று அவளைப் பார்க்க வேண்டும். மேசை மேல் விரித்து, விளக்கைத் தாழ இறக்கி, உள்ளங்கையால் தடவிக்கொண்டே போவாள். மாட்டை முள் கீறிய இடம், பூச்சி கடித்த இடம் எல்லாம் கைக்குத் தெரியும். முதுகுப் பக்கத்துத் தோல் உறுதியானது, அது ஆள் உட்காருகிற இடத்துக்கு. வயிற்றுப் பக்கம் தொய்ந்து போகும், அது யார் பாரமும் படாத ஓரத்துக்கு. ரெக்சின் வாங்கிய அன்றைக்கு அழகு, ஐந்தாம் வருடம் செதில் செதிலாக உரியும். தோல் உட்கார உட்காரத்தான் அழகாகும். இரண்டையும் அவள் இப்படித்தான் சொல்வாள், எதையும் கூட்டாமல் குறைக்காமல்.

தைப்பதில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு. அவள் போட்ட தையல் பிரிந்ததாக ஒருவரும் திரும்பி வந்ததில்லை. ஆனால் இப்போதைய வண்டிகளில், முன் இருக்கையின் சாய்மானத்துக்குள் பக்கவாட்டில் ஒரு காற்றுப்பையை மடித்து வைக்கிறார்கள். பக்கத்திலிருந்து வண்டி மோதினால், கண் இமைப்பதற்குள் அது தையலைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்திருப்பவரின் விலாவைக் காக்கும். அந்த ஒரு முழத் தையல் மட்டும் பிரிய வேண்டும். அதற்கென்று பலம் குறைந்த தனி நூல் இருக்கிறது. அண்ணி அந்தத் தையலை முடித்ததும், நூலை மாற்றாமல், அதே தோலின் ஒரு துண்டில் நாலு விரல் நீளம் தைத்து, வண்டி எண்ணை எழுதி ஆணியில் மாட்டுவாள். வண்டி வெளியே போகும் முன் துண்டை இரண்டு கையாலும் இழுப்பாள். பட்டென்று பிரிந்தால் வண்டி போகலாம்.

டீச்சரின் வண்டி அப்படிப் போகவில்லை.

டீச்சர் போன மாதம் ஓய்வு பெற்றவர். எட்டு மாதம் பயிற்சி எடுத்து வாங்கிய முதல் கார். யார் யார் போவீர்கள் என்று கேட்டதற்கு, "நான் மட்டும்தாம்மா" என்றார். அண்ணி கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப தோலே போடுங்க டீச்சர், நல்லா இருக்கும்" என்றாள். அண்ணன் காதில் விழுந்ததை நம்பாமல் நின்றான்.

அந்தத் தோல் தடிமனானது. காற்றுப்பைத் தையலின் தொடக்கத்திலேயே ஊசி உடைந்தது. அந்த நேரம் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது, மகளுக்குக் காய்ச்சல். அண்ணி புது ஊசியைப் போட்டாள். கைப்பழக்கத்தில், தடிமனான தோலுக்கு அவள் எப்போதும் மாட்டுகிற கனத்த நூலையும் சேர்த்து மாட்டிவிட்டாள். இரண்டும் கறுப்பு. தைத்து முடித்து, துண்டையும் தைத்து ஆணியில் மாட்டிவிட்டு மகளிடம் ஓடினாள். மறுநாள் காலை அவள் மகளை டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தபோது, டீச்சர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றார். அண்ணன் உறைகளை மாட்டி, கதவைத் திறந்துவிட்டு, கையசைத்து அனுப்பிவைத்தான். பக்கத்து ஊரில் இருக்கிற அக்கா வீட்டுக்கு வண்டியைக் காட்டப் போகிறாராம்.

பதினோரு மணிக்கு அண்ணி வந்தாள். ஆணியிலிருந்த துண்டை எடுத்து இழுத்தாள். பிரியவில்லை. முழங்காலில் வைத்து இழுத்தாள். தோல்தான் நீண்டது, தையல் அசையவில்லை.

நடந்ததைக் கேட்ட அண்ணன், ஒரு மாதத்தில் டீச்சர் முதல் பராமரிப்புக்கு, வண்டி வாங்கிய எதிர் ஷோரூமுக்கு வருவார், அப்போது சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்றான். அவன் பயமும் சும்மா இல்லை. எதிரே இருக்கிற கார் ஷோரூம்தான் எங்களுக்குப் பாதி வேலை அனுப்புகிறது. ஒரு புகார் வந்தால் வேறு கடைக்குப் போய்விடுவோம் என்று மேனேஜர் முன்பே சொல்லியிருந்தார்.

"இந்த ஒரு மாசம்?" என்றாள் அண்ணி.

"அது பாட்டுக்கு உள்ள தூங்கும். எத்தனை பேருக்கு அது வெளிய வந்திருக்கு, சொல்லு."

"எத்தனை பேரோ எனக்கு வேணாம். இவங்க ஒருத்தர்."

டீச்சர் போனை எடுக்கவில்லை. ஓட்டும்போது அணைத்துவைக்கச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், டீச்சர் சொன்னபடி கேட்பவர். அக்கா வீடு அந்த ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே என்று அண்ணனிடம் மூன்று தடவை சொல்லியிருந்தார். மகளை அண்ணனிடம் விட்டுவிட்டு, கடை வேனில் அண்ணியை ஏற்றிக்கொண்டு நான் ஓட்டினேன். மடியில் கருவிப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தவள் வழி முழுக்க இரண்டே வார்த்தைதான் பேசினாள். ஒரு சந்திப்பில் ஓரமாக, டீச்சருடையது போலவே ஒரு வெள்ளைக் கார் நின்றுகொண்டிருந்தது. "நிறுத்து," என்றாள். பிறகு எட்டிப் பார்த்துவிட்டு, "இல்ல."

தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே வண்டி பத்திரமாக நின்றது. நாலு கதவும் திறந்திருந்தன. அக்கா பின் இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் தோலை மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் கணவர் மட்டும் சற்றுத் தள்ளி நின்று, இந்தக் காசுக்கு என்னென்ன வாங்கியிருக்கலாம் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். தன் வண்டிக்கு ரெக்சின் போட்டு மூன்று வருடமாகிறதாம், ஒரு கீறல் கிடையாதாம். "விடுங்க அத்தான், எனக்குப் பிடிச்சிருக்கு" என்று டீச்சர் சிரித்துக்கொண்டிருந்தார்.

தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அண்ணி சொல்லவில்லை. எப்படியும் இருக்கையை இங்கேதான் உரிக்க வேண்டும்.

"டீச்சர், தப்பு என்னோடது. காத்துப்பை வெளிய வர்ற தையல்ல மாத்தி நூல் போட்டுட்டேன். மோதினா பிரியாது. முன்சீட்டு உறை ரெண்டையும் இப்பவே கழட்டணும்."

பின் இருக்கையில் அக்கா கண்ணைத் திறந்தார். அத்தான்தான் முதலில் பேசினார். "பாத்தியா? நான் படிச்சுப் படிச்சு சொன்னேன், கம்பெனிக்காரன் போட்டதை நோண்டாதேன்னு."

டீச்சர் அவர் பக்கம் திரும்பவில்லை. "இதை நீ சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று அண்ணியைக் கேட்டார்.

"தெரிஞ்சிருக்காது டீச்சர்."

"வெளிய பாத்தா?"

"பாத்தா ரொம்ப அழகா இருக்கும். அதான் கஷ்டம்."

டீச்சர் நகர்ந்து வழி விட்டார். அண்ணி தரையில் மண்டியிட்டு, உறையை உள்ளே இழுத்துப் பிடித்திருந்த கம்பி வளையங்களை ஒவ்வொன்றாக வெட்டினாள். அவசரப்பட்டு இழுக்கவில்லை. துணியில் தப்பாகத் தைத்தால் பிரித்துவிட்டுப் பக்கத்தில் தைக்கலாம், துளை தானாக மூடிக்கொள்ளும். தோலில் விழுந்த துளை விழுந்ததுதான். புதிதாக ஒரு வரிசை போட்டால் அந்த இடமே கிழிந்துவிடும். மறுநாள் அவள் மோட்டாரை அணைத்துவிட்டு, மெஷின் சக்கரத்தைக் கையால் உருட்டி, பழைய துளைகளிலேயே ஒன்று விடாமல் ஊசியை இறக்கி அந்த இரண்டு முழத்தையும் தைத்தாள். மூன்று மணி நேரம் ஆயிற்று. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். போன ஊர்களிலெல்லாம் ஒரு வாரத்துக்கு மேல் தரிக்காத நான், அந்த மூன்று மணி நேரமும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

அன்றைக்கு அக்கா வீட்டு வாசலில் உறைகள் கழன்று வந்ததும், கீழே கம்பெனிக்காரன் போட்ட சாம்பல் துணி தெரிந்தது. பின்னால் மின்னுகிற தோல், முன்னால் வெறும் துணி. வண்டி பாதி உடுத்தியது போல் நின்றது. டீச்சர் அந்தத் துணி மேலேயே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தார்.

"முப்பத்திரண்டு வருஷம் நோட்டு திருத்தினேன்," என்றார். "மறைச்ச தப்பையெல்லாம் தேடித் தேடிச் சுழிச்சிருக்கேன். தானா நோட்டைக் கொண்டுவந்து, இங்க தப்பு பண்ணிட்டேன் டீச்சர்னு நீட்டின பிள்ளை ஒண்ணுகூட இல்ல." பிறகு, "நாளன்னைக்கு வரட்டுமா?" என்று கேட்டார். அண்ணி தலையாட்டினாள்.

தோலை மடிப்பு விழாமல் சுருட்டி வேனில் வைத்துக்கொண்டிருந்தபோது அத்தான் வந்தார். குரல் தணிந்திருந்தது. "ஏம்மா, அந்தத் தையல் என் வண்டியில எங்க இருக்குன்னு காட்டு, பாப்போம்."

அண்ணி அவருடைய முன் இருக்கையின் ஓரத்தைக் கட்டை விரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வந்தாள். திரும்ப மேலே போனாள். அங்கே தையலே இல்லை. ரெக்சினை ஒரே துண்டாகச் சுற்றி, பின்பக்கம் இறுக்கித் தைத்திருந்தார்கள். யார் போட்டது என்று அவள் கேட்கவில்லை.

"இதுல அது வெளிய வர வழியே இல்ல சார்."

அத்தான் அந்த ஓரத்தைத் தன் விரலாலும் அழுத்திப் பார்த்தார். "கழட்டிட்டா பழைய துணிதான் இருக்கும். கறையா இருக்கும்," என்றார்.

"அக்கா இன்னிக்கு இதுல எங்கயாவது போறாங்களா?"

"சாயங்காலம் டாக்டர்கிட்ட."

அண்ணி கருவிப் பெட்டியை மறுபடி திறந்தாள். அவள் சொல்வதற்கு முன்பே அத்தான் சுற்றிக்கொண்டு போய், அக்கா உட்காருகிற பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.