ஐந்தாம் நம்பர் சாம்பிள்

யாராவது கடைக்குள் கால் வைத்ததுமே அவளுக்கு அளவு தெரிந்துவிடும். முகத்தைப் பார்க்கமாட்டாள், காலைத்தான் பார்ப்பாள். "அம்மாவுக்கு ஆறு, இடது கால் மட்டும் ஆறரை" என்று அளவுப் பலகையை எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுவாள். பலகையில் வைத்துப் பார்த்தால் நூல் பிசகாது. அதனால் கூட வேலை செய்யும் பெண்களுக்கு அவள் அளவக்கா. பதினேழு வருஷமாக அந்த ஷூ கடையில் ஊரார் காலுக்கெல்லாம் அளவு பார்த்தவள், தன் காலை மட்டும் ஒரு நம்பர் குறைந்த ஷூவுக்குள் திணித்துக்கொண்டு நின்றாள்.

மடத்தனம் ஒன்றும் இல்லை, கடைச் சட்டம். புது மாடல் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் சாம்பிள் ஜோடி வரும். அலமாரியில் வைத்தால் அது விற்காதாம். விற்கிற பெண்ணின் காலில் இருந்தால்தான் விற்குமாம். எந்த மகராசன் கண்டுபிடித்தானோ! சாம்பிள் எல்லாமே ஐந்தாம் நம்பர், முன்பக்கம் கூராக இருக்கும். அளவக்காவின் கால் ஆறு. காலை ஒன்பதரைக்குத் திணித்தால் கடை சாத்தும்போதுதான் கழற்ற முடியும். உட்கார ஸ்டூல் இருக்கிறது, ஆனால் அது வாங்க வருகிறவர்களுக்கு.

முதலில் பெருவிரலின் அடிப்பக்கம் சிவந்தது. அப்புறம் தடித்தது. ஏழெட்டு வருஷத்தில் எலும்பே வெளியே புடைத்து, பெருவிரல் பக்கத்து விரல்மேல் போய்ச் சாய்ந்துகொண்டது. படி இறங்கினால் உயிர் போய் உயிர் வரும். ஒருநாள் மண்டிபோட்டு ஒரு அம்மாளுக்கு வார் மாட்டிவிட்டவள், எழுந்திருக்க முடியாமல் அந்த அம்மாளின் முழங்காலையே பிடித்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் ஆபரேஷன் செய்துகொள்வது என்று முடிவுக்கு வந்தாள்.

முதலில் போனது கண்ணாடிச் சுவர் வைத்த தனியார் கிளினிக். டாக்டர் எக்ஸ்ரேயைத் திரையில் போட்டுவிட்டு, எக்ஸ்ரேயைவிடத் தன் கைக்கடிகாரத்தையே அதிகம் பார்த்தார்.

"பெருசா கிழிக்கிற காலமெல்லாம் போச்சும்மா. நாலு சின்ன ஓட்டை. உள்ள எலும்பை வெட்டி நகர்த்தி ரெண்டு ஸ்க்ரூ. அன்னைக்கே நடக்கலாம்."

"ஸ்க்ரூ இல்லாமலும் செய்யறாங்களாமே டாக்டர்?"

"அது பழசு."

"எலும்பை வெட்டாம, கயிறு மாதிரி ஒண்ணு போட்டு இழுத்துக் கட்டறாங்கன்னு..."

"அதெல்லாம் எதுக்கும்மா உங்களுக்கு? இதுதான் லேட்டஸ்ட்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவளுக்குச் சுருக்கென்றது. கேட்ட மாடல் கையிருப்பில் இல்லாதபோது அவள் சொல்லும் வார்த்தை அது. விற்றே பழகியவளிடம் விற்கப் பார்க்கிறார்! கடையில் எந்த மாடல் எத்தனை திரும்பி வந்தது என்று பெட்டிமேல் கோடு போட்டு வைப்பது அவள் வழக்கம். அதே நினைப்பில் கேட்டாள்: "ஆபரேஷன் செஞ்சும் திரும்ப வந்தவங்க எத்தனை பேர் டாக்டர்?"

அவர் மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவள் கையில் ஒரு வழவழப்பான தாள் மட்டும் மிஞ்சியது. அதில் கொட்டை எழுத்தில், 'அன்றே நடக்கலாம்!'

அந்தத் தாளை லீவு விண்ணப்பத்தோடு சேர்த்து மேனேஜரிடம் கொடுத்ததுதான் அவள் செய்த தப்பு. அந்த மனிதர் கொட்டை எழுத்தை மட்டும் படித்தார்.

"அன்னைக்கே நடக்கலாம்னு போட்டிருக்கே. நடக்க முடிஞ்சா நிக்க முடியாதா? அஞ்சு நாள் எடுத்துக்கோங்க."

அதோடு விட்டாரா? விண்ணப்பத்தில் 'காரணம்' என்ற கட்டத்தை அவள் காலியாக விட்டிருந்தாள். அதில் அவரே பேனாவை எடுத்து 'பரம்பரை' என்று எழுதினார். "நானும் நெட்ல பார்த்தேன். உங்க அம்மாவுக்கு இருந்திருக்கும், அது உங்களுக்கு வந்திருக்கு."

அவளுக்கு ரத்தம் கொதித்தது. அம்மா படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் தினம் அந்தக் காலைக் கழுவித் துடைத்தவள் அவள். பத்து விரலும் சீப்புப் பல் மாதிரி வரிசையாக இருந்தன. செத்துப்போனவள் எழுந்து வந்து காலைக் காட்டவா போகிறாள் என்ற தைரியம்தானே இந்த மனுஷனுக்கு? ஆனாலும் அன்று வெளியே வந்து, சாம்பிள் ஷூவுக்குள் மறுபடியும் காலைத் திணித்துக்கொண்டாள்.

அந்த வார விடுமுறையில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூன்று மணி நேர வரிசைக்குப் பிறகு பார்த்த டாக்டரம்மா, அவள் காலைத் தன் மடியிலேயே தூக்கி வைத்துக்கொண்டு விரலை அசைத்துப் பார்த்தார். அவளும் கேள்விகளை ஒன்றுவிடாமல் கேட்டாள்.

"கயிறு போட்டுக் கட்டறது லேசா சாய்ஞ்ச விரலுக்குச் சரி. உங்களுது ரொம்ப சாய்ஞ்சிருச்சு. இழுக்கிற இழுப்புல பக்கத்து எலும்புல விரிசல் விழவும் வாய்ப்பிருக்கு. ஸ்க்ரூ இல்லாமன்னா எலும்பை வெட்டிட்டு வெறும் கட்டுதான் பிடிச்சு வைக்கணும். வாராவாரம் வந்து மாத்திக் கட்டணும். நழுவுச்சுன்னா கோணலா கூடிடும். உங்க காலுக்கு ஸ்க்ரூதான் நல்லது. சில பேருக்கு அது உறுத்தும், அப்புறம் எடுக்க வேண்டி வரும். அதையும் சொல்லிடறேன்."

"அன்னைக்கே நடக்கலாமா?"

"பாத்ரூம் வரைக்கும். அதுவும் கட்டை மாதிரி அடி வெச்ச ஷூ போட்டுக்கிட்டு. வெளியில ஓட்டை சின்னதுதாம்மா, உள்ள நடக்கிற வேலை சின்னதில்ல. ஆறு வாரத்துக்கு நின்னு செய்யற வேலையே கூடாது. வீக்கம் முழுசா வடிய அரை வருஷம்கூட ஆகலாம்."

"திரும்ப வந்தவங்க?"

"போன வருஷம் நான் செஞ்சதுல ரெண்டு பேர்." டாக்டரம்மாவுக்கு அந்தக் கேள்வியில் கோபமே வரவில்லை. "உடம்பு வாகும் ஒரு காரணம்தான், இல்லேங்கல. ஆனா முதல்ல அந்த ஷூவைக் கழட்டுங்க."

ஒரு வெள்ளைத் தாளில் அவளை நிற்க வைத்துக் காலைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டார். கோட்டின்மேல் ஷூவை வைத்தார். ஒரு விரல் அகலத்துக்குக் கால் ஷூவுக்கு வெளியே நின்றது. பதினேழு வருஷம் அளவு பார்த்தவளுக்கு வெட்கமாகிவிட்டது.

"இதையே திரும்பப் போடறதா இருந்தா சொல்லிடுங்க. நான் வீணா வெட்ட வேணாம்."

ஆபரேஷன் தேதியையும் ஆறு வார லீவுக்கான சீட்டையும் வாங்கிக்கொண்டு வந்தாள். மறுநாள் காலை, கடை திறக்க அரைமணி இருக்கும்போது, சீட்டை மேனேஜரின் மேஜைமேல் வைத்தாள்.

"ஆறு வாரமா? என்னம்மா விளையாடறீங்களா? அதான் ஏற்கனவே எழுதிட்டேனே. பரம்பரையா வர்றதுக்குக் கடை என்ன பண்ணும்?"

அளவக்கா பதில் சொல்லாமல் கதவைத் திறந்து கூப்பிட்டாள். முந்தின இரவே போனில் பேசி வைத்திருந்தாள். மற்ற ஐந்து பெண்களும் உள்ளே வந்து வரிசையாக நின்று சாம்பிள் ஷூக்களைக் கழற்றினார்கள். அவளும் கழற்றினாள். கல்லாவில் நிற்பவளுக்கு இரண்டு காலிலும் புடைத்திருந்தது. குழந்தைகள் பிரிவுப் பெண்ணுக்கு இடது காலில் மட்டும். போன மாதம் சேர்ந்தவளுக்கு இன்னும் வெறும் சிவப்புதான், ஆனால் சரியாக அதே இடத்தில்.

மேனேஜர் காலைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடியும் காலைப் பார்த்தார்.

"பரம்பரைதானே சார்?" என்றாள் அளவக்கா. "அப்போ எங்க ஆறு பேருக்கும் ஒரே அம்மாவா?"

அவர் இழுப்பறையிலிருந்து பழைய விண்ணப்பத்தை எடுத்தார். ஐந்து நாளை அடித்தார். ஆறு வாரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"அந்தக் கட்டத்தையும் மாத்துங்க சார். செத்துப்போன எங்கம்மா மேல பழி போட்டு எனக்கு லீவு வேணாம்."

அவர் 'பரம்பரை'யை அடித்தார். என்ன எழுதுவது என்று கேட்பவர்போல நிமிர்ந்தார்.

"கடை ஷூன்னு எழுதுங்க."

எழுதினார். கதவு திறக்கும் நேரமாகிவிட்டது. ஆறு பேரும் வெறுங்காலோடு கடைக்குள் போனார்கள். ஆறு ஜோடி சாம்பிளும் அவர் மேஜை முன்னால் கிடந்தன.