அம்மியில் வைக்க வேண்டிய கால்

குதிகால் வெடிப்புக்குப் பித்தவெடிப்பு என்று பேர் வைத்தவன் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன். அந்த ஒரு வார்த்தையால் கல்யாணத்துக்கு முந்தி எனக்குக் காப்பி நின்றுபோனது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி அது. இலஞ்சியில் எங்களுக்கு வயல். வெறுங்காலோடு சேற்றில் நின்று நின்று என் குதிகால் இரண்டும் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. சேலைக் கரை மாட்டி நூல் இழுக்கும். இழுத்தால் இழுக்கட்டும் என்று திரிந்தவள்தான் நான். மாப்பிள்ளை வந்து பார்த்து, ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். தென்காசிக் கடைத்தெருவில் அவருக்கு உப்புக்கடை. வந்திருந்த நேரம் முழுக்க இரண்டு கையையும் துண்டுக்குள் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மரியாதைக்காரர் என்று எண்ணிக்கொண்டேன்.

அவர்கள் போனதும் என் அண்ணன் பெண்டாட்டி, மதினி, ஆரம்பித்தாள்.

"ஏட்டி, அன்னைக்கு மாப்பிள்ள ஒன் காலப் புடிச்சுத் தூக்கி அம்மியில வைக்கணும். அவரு கையில முள்ளு குத்திராம!"

சிரித்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. அத்தனை பேர் நடுவில், என் காலைத் தொட்டதும் அவர் முகம் சுளித்துவிட்டால்? பிறகு எத்தனை வருஷம் வாழ்ந்தாலும் அந்த முகம் என் கண்ணை விட்டுப் போகாது.

அம்மா பித்தத்தைப் பிடித்துக்கொண்டாள். காப்பி கிடையாது, காலையும் மாலையும் சீரகக் கசாயம். பத்து நாள் குடித்தேன். நாக்கு செத்ததுதான் மிச்சம், வெடிப்பு அப்படியே இருந்தது.

"பித்தமாம் பித்தம்! நீ காப்பியே தொடமாட்டியே, ஒங் காலு எதுக்கு எனக்கு மேல வெடிச்சுக் கெடக்கு?" என்றேன்.

அம்மா, "வாய் மட்டும் கொறச்சல் இல்ல" என்று கசாயப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அது சாரல் காலம். மதினியும் நானும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனோம். அருவியில் நின்றதும் குதிகால் ஊறி மெத்தென்று ஆனது. சும்மா இருந்தேனா? ஒரு கல்லை எடுத்து வறட்டு வறட்டென்று தேய்த்தேன், ரத்தம் வந்துவிட்டது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. நொண்டிக்கொண்டே வீடு வந்து பார்த்தால், வழியெல்லாம் அடித்த காற்றில் கால் காய்ந்து, வெடிப்பு முன்னைவிட வாய் பிளந்து நின்றது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஊறுவதும் காய்வதும்தான் காலை வெடிக்க வைக்கிறது. சேற்றில் ஊறி வரப்பில் காய்கிற கதையும் இதேதான். ஊறின ஈரம் ஓடிப்போகாமல் மூடி வைக்க வேண்டும். குற்றாலத்தில் தேன் விற்கிறவளிடம் தேன்மெழுகு ஒரு துண்டு வாங்கி, தேங்காய் எண்ணெயில் போட்டு உருக்கினேன். புண் ஆறியதும், தினமும் சாயங்காலம் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் காலை வைத்து, காய்ந்த பீர்க்கங்காய் நாரால் மெள்ளத் தேய்த்து, ஒற்றித் துடைத்த கையோடு மெழுகெண்ணெயைப் பூசிப் பழந்துணியைச் சுற்றிக்கொண்டேன். வயலில் இறங்கவே இல்லை. நாலு வாரத்தில் சேலை மாட்டுவது நின்றது. மதினி தடவிப் பார்த்து, "அடியாத்தி! இது ஒங் காலுதானா?" என்றாள். காப்பி கேட்டேன், அம்மா தானே ஆற்றிக் கொடுத்தாள்.

கல்யாணத்தன்று அவர் குனிந்து என் காலைப் பிடித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது சுளிக்கவில்லை, சிவந்தது. என் குதிகாலில்தான் ஏதோ உரசியது. அவர் உள்ளங்கை! உப்பு அள்ளி அள்ளி, விரலிடுக்கெல்லாம் வெடித்துக் கிடந்தது.

மெட்டி போடுகிற சாக்கில் தலை நிமிராமலே சொன்னார்: "கை சொரசொரன்னு இருக்கும், தப்பா நெனச்சுக்கிடாத. ஒரு மாசமா வெண்ணெ தடவிப் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்கு."

மணவறை என்றும் பார்க்காமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அம்மா கண்ணை உருட்டினாள். உருட்டிக்கொள்ளட்டும்.

"வெண்ணெய்க்கெல்லாம் அது கேக்காது," என்றேன். "நாளைக்குக் கைய நீட்டுங்க, நான் பாத்துக்கிடுதேன்."