ஐநூற்றுப் பதினேழாம் பூசணம்

மருந்துத் தொழிற்சாலையில் அவளுக்குப் பெயர் பூசணத்தம்மா. எதிரில் சொல்ல மாட்டார்கள், முதுகுக்குப் பின்னால்தான். அவளுக்கும் தெரியும். தெரிந்தால் என்ன, பொய்யா சொல்லிவிட்டார்கள்? பதினெட்டு வருஷமாக, மூன்றாம் மாடிக் கடைசி அறையில், கண்ணாடித் தட்டுகளில் பூசணம் வளர்ப்பதுதானே அவள் பிழைப்பு.

பூசணத்தைப் புற ஊதாக் கதிர் விளக்கின் கீழ் வைப்பாள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது செத்துப்போகும். பிழைத்ததில் ஏதாவது ஒன்று, கதிர் பட்டு மாறிப்போய், மருந்தைக் கூடுதலாகச் சுரக்கிறதா என்று சோதிப்பாள். கிருமி படர்ந்த தட்டில் அதன் துண்டு ஒன்றை வைத்தால் சுற்றிலும் கிருமி செத்து ஒரு வட்டம் விழும். வட்டம் பெரிதென்றால் மருந்து அதிகம். இப்படி ஏழு வருஷம் கண் பூத்துப்போகத் தேடிக் கண்டெடுத்ததுதான் ஐநூற்றுப் பதினேழாம் எண் பூசணம். பழையதைப்போல் நான்கு மடங்கு சுரந்தது. அன்றைக்கு அவள் அழுத அழுகையை அந்த அறைச் சுவர்தான் பார்த்தது. வீட்டுக்குப் போய்ச் சொல்ல யார் இருந்தார்கள்?

அதன் பிறகு அதை யாரையும் தொட விடவில்லை மகராசி. அது உயிரோடு இருக்க, பத்து நாளைக்கு ஒருமுறை பழைய கண்ணாடிக் குழாயிலிருந்து புதுக் குழாய்க்குத் தானே மாற்றுவாள், லீவு நாளானாலும் வந்து. வெளியூரில் இருந்த தங்கை ஃபோனில் சலித்துக்கொள்வாள்.

"நாலு நாள் இங்க வந்து இருக்கக் கூடாதாக்கா?"

"அத யாருடி பாத்துப்பா?"

"பூசணத்தயா? நல்லா இருக்கு போ!"

போன வருஷம் சுரப்பு இறங்க ஆரம்பித்தது. ஒருநாள் மேலாளரே மாடி ஏறி வந்துவிட்டார். "பாதிக்குப் பாதி கொறஞ்சிடுச்சும்மா. வெளியில வேற பூசணம் வெலைக்குக் கெடைக்குது. மாசக் கடைசிக்குள்ள இது தேறலன்னா தூக்கிப் போட்டுடுவோம்."

அவள் அன்றைக்கே குழாயில் இருந்ததைத் தட்டுகளில் பரப்பி, முளைத்த ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியாகச் சோதிக்க உட்கார்ந்தாள். கொழுகொழுவென்று வெள்ளையாய் வளர்ந்தவற்றைச் சுற்றி வட்டமே இல்லை. ஒன்று இரண்டல்ல, நூற்றுக்கணக்கில்.

மூன்றாம் நாள் விஷயம் புரிந்துபோயிற்று. மருந்து சுரப்பவை அந்த உழைப்பிலேயே மெலிந்து மெதுவாய் வளர, சுரக்காத சோம்பேறிகள் முந்திக்கொண்டு செழித்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் ஊசி நுனியில் அவள் ஆசை ஆசையாய் எடுத்து வைத்தது செழித்ததைத்தான். பதினொரு வருஷம் தன் கையாலேயே கெடுத்திருக்கிறாள்! ஆரம்பத்திலேயே, மாறாமல் அப்படியே இருக்கும்படி உறைய வைத்துவிடலாம் என்றவர்களை, "அப்ப நான் எதுக்கு இருக்கேன்?" என்று வாயடைக்க வைத்தவளும் அவளேதான். வேறு யாராவது செய்திருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். இப்போது யாரைத் திட்டுவது?

திட்டவில்லை. தேடினாள். மாசம் முடிய ஐந்து நாள் இருக்கும்போது, தொள்ளாயிரத்துச் சொச்சமாவது புள்ளி, சுருங்கிப்போய் மிளகளவே இருந்த ஒன்று, பழைய பெரிய வட்டத்தைக் காட்டியது. மறுபடி வைத்துப் பார்த்தாள். அதே வட்டம். மேலாளருக்கு ஃபோன் போட்டாள்.

அதை இருநூறு சின்னக் குப்பிகளில் அடைத்து உறைபெட்டியில் வைத்தார்கள். மருந்து தயாரிக்கும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு குப்பி. மாற்றி மாற்றி வளர்க்கும் வேலையே கிடையாது. இருநூறு தடவை என்றால் அவள் ஓய்வு பெற்ற பிறகும் வரும். விதிமுறையை நீங்களே எழுதிவிடுங்கள் என்றார் மேலாளர். எழுதிக் கொடுத்தாள்.

அவர் வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "'எக்காரணம் கொண்டும் யாரும் குழாய்க்குக் குழாய் மாற்றி வளர்க்கக் கூடாது'ன்னு போட்டிருக்கீங்களே. யாரும்னா, நீங்களுமாம்மா?"

"நான்தாங்க முக்கியமா" என்று சொல்லிவிட்டு, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.