நோர்வேயிலிருந்து திரும்பிய பாஸ்டர்

பாஸ்டரை நினைத்தால் கைப்பிடியில் ஒலிபெருக்கி கட்டிய அந்தப் பழைய மோட்டார் சைக்கிள்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. இணுவிலில் எங்கள் ஒழுங்கை முனையில் அதை நிறுத்திவிட்டு, கோவில் திருவிழாவுக்குப் போகிறவர்களை மறித்துத் துண்டுப் பிரசுரம் நீட்டுவார். வாங்காதவர்களின் வாசல் படலையில் செருகிவிட்டுப் போவார். அப்பா அவற்றை எடுத்துத் தோட்டத்தில் நெருப்பு மூட்டுவார்.

அப்பாவின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. பண்டத்தரிப்பில் வாழ்க்கைப்பட்ட என் மாமி, அப்பாவின் ஒரே தங்கை, வயிற்றில் கட்டியோடு படுத்திருந்தபோது பாஸ்டர் நாள்தோறும் போய்த் தலையில் கைவைத்துச் செபித்தார். ஆஸ்பத்திரியில் கட்டியை எடுத்தார்கள். மாமி பிழைத்தார், பாஸ்டரின் சபையில் சேர்ந்தார். அதன்பின் எங்கள் வீட்டுத் திவசத்துக்கு அவர் வரவில்லை. படைத்த சோற்றைத் தொடமாட்டேன் என்று சொல்லியனுப்பினார். அப்பா தங்கையின் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டார். எங்கள் அயலில் தலைமுறை தலைமுறையாக வேதக்காரர், கிறிஸ்தவக் குடும்பங்கள், இருந்தார்கள். அவர்களோடு எங்களுக்கு ஒரு பிணக்கும் இருந்ததில்லை. இந்த மனிதரோடுதான்.

பிறகு அவர் நோர்வேயில் இருக்கும் மகளிடம் போனார். இனி வரமாட்டார் என்று ஒழுங்கையே நிம்மதியாக இருந்தது. ஆனால் திரும்பி வந்தார். அந்த நேரம் பார்த்து அப்பாவைப் பாரிசவாதம் சாய்த்திருந்தது. வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. ஒரு பின்னேரம் படலையடியில் பாஸ்டர் நின்றார். ஒலிபெருக்கி இல்லை, கையில் வேதாகமமும் இல்லை.

“அண்ணையைப் பாத்திட்டுப் போகலாமெண்டு வந்தனான்,” என்றார்.

படுக்கையில் விழுந்த ஆளை மோப்பம் பிடித்து வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அப்பாவே மறிப்பார் என்று எதிர்பார்த்தேன். ஆனால், பார்க்க வருகிற ஆட்கள் குறைந்துபோயிருந்த காலம் அது. அப்பா இடது கையால் கதிரையைக் காட்டினார்.

அதன்பின் அவர் அடிக்கடி வந்தார். வெங்காய விலை, மழை, நோர்வேயின் பனி என்று கதைத்தார். அப்பாவுக்குத் தாடி வழித்துவிட்டார். அவரைப் புரட்டிப் படுக்க வைக்க எனக்குக் கைகொடுத்தார். நான் குசினிக்குள் பாத்திரத்தைச் சத்தம் வராமல் வைத்துவிட்டுக் காது கொடுத்தபடி நிற்பேன். இன்றைக்குச் சொல்வார், நாளைக்குச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் செய்த ஒவ்வொரு உதவியும் என் சந்தேகத்தைக் கூட்டியது. ஒலிபெருக்கியோடு வந்தவரை விரட்ட முடிந்தது. சவரக் கத்தியோடு வருகிறவரை எதைச் சொல்லி விரட்டுவது?

கடைசியில் அப்பாவே கேட்டார். வாய் கோணியிருந்ததால் சொற்கள் மெல்லத்தான் வந்தன.

“என்ன பாஸ்டர், உங்கடை கடவுளைப் பற்றி ஒரு கதையும் இல்லை?”

பாஸ்டர் கதிரையை அப்பாவின் பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு நோர்வேக் கதையைச் சொன்னார். மகளும் மருமகனும் வேலைக்குப் போனபின் பகல் முழுவதும் வீட்டில் தனியே இருந்திருக்கிறார். மொழி தெரியாது, பனியில் நடக்கப் பயம். வேறொரு மதக் குழுவைச் சேர்ந்த தமிழ்ப் பெடியன் ஒருவன் வந்து பழகியிருக்கிறான். கையைப் பிடித்து நடக்கக் கூட்டிப்போவான், வைத்தியரிடம் கொண்டுபோவான். பாஸ்டர் அவனைப் பிள்ளைபோல் எதிர்பார்த்திருக்கத் தொடங்கினார். ஒருநாள் அவன் தங்கள் கூட்டத்தில் சேரச் சொல்லிக் கேட்டான். தான் ஒருபோதும் மாறப்போவதில்லை என்று இவர் உறுதியாகச் சொன்னார். அதன்பின் அவன் வரவே இல்லை.

“பிறகு ஒருநாள் பஸ் நிக்கிற இடத்திலை கண்டன். வேறையொரு வயசான மனுசன்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டான். எனக்கு அவனிலை கோவம் வரேல்லை அண்ணை. உங்கடை தங்கச்சியின்ரை கட்டிலடியிலை நான் நிண்ட மாதிரி இருந்தது.”

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நன்றாகச் சோடித்த கதை என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்பாவுக்கு மற்றக் கையும் தளர்ந்துவிட்ட நாட்களில் ஒரு மாலை, கிணற்றடியிலிருந்து வந்தவள் யன்னலால் பார்த்தேன். கோவில் மணி கேட்டதும் அப்பா கண்ணால் திருநீற்றுத் தட்டைக் காட்டினார். நான் வரும்வரை பொறுக்கும்படி பாஸ்டர் சொல்லியிருக்கலாம். பாஸ்டர் சற்றுத் தயங்கினார். பிறகு மூன்று விரலால் தொட்டு அப்பாவின் நெற்றியில் பூசிவிட்டார்.

அதை அவர் ஒளிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தன் சபையிலேயே சொன்னாராம். முதலில் எழுந்து வெளியே போனது என் மாமிதான். கொஞ்ச நாளில் சபையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு பாஸ்டரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். எங்கள் ஒழுங்கையிலும் அவரை யாரும் மெச்சவில்லை. இது வெளிநாட்டில் படித்துவந்த புதுத் தந்திரம் என்றார்கள். நானும் இல்லை என்று சொல்லவில்லை.

அப்பா செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்தபின் பாஸ்டர் வந்தபோது நேராகவே கேட்டேன்.

“அப்பாவுக்காகச் செபிச்சனீங்களோ?”

“ஓம் பிள்ளை. ஒவ்வொரு நாளும், என்ரை வீட்டிலை இருந்து.”

“என்னெண்டு?”

“நோகாமல் இருக்கவேணுமெண்டு. என்ரை ஆண்டவரை அவர் அறியவேணுமெண்டும். அந்த ஆசை எனக்குப் போகேல்லை. நீங்கள் சந்தேகப்பட்டது பிழையில்லை.”

இந்தச் சொல்லுக்காகத்தான் அத்தனை காலமும் குசினிக்குள் காத்து நின்றேன். அது கையில் கிடைத்தபோது அதை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

அப்பா இல்லாத வீட்டில் அவருக்கு இனி என்ன வேலை, வரவு நின்றுவிடும் என்றிருந்தேன். அடுத்த கிழமையும் வந்தார், மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு. இம்முறை என்னை மாற்றத்தானோ என்று அவர் முகத்தையே பார்த்தபடி படலையைத் திறந்துவிட்டேன்.